பேயும் அன்று, நடிப்பும் அன்று

“சாமி, பிள்ளைக்குக் காத்து கருப்பு பட்டிருக்கு, வந்து செபிச்சு விடுங்க” என்று அழைப்பவர்களும், “எல்லாம் நடிப்பு சாமி, நீங்க கண்டுக்காதீங்க” என்று அதே வீட்டுத் திண்ணையிலிருந்தே சொல்பவர்களும் நம் பங்குகளில் இன்றும் உண்டு. கடம்பத்தூரும் இதற்கு விலக்கன்று. காக்களூர் தொழிற்பேட்டை முதல் கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை ஆலைகள் பரந்து கிடக்கும் இவ்வட்டாரத்தில், தொலைவூர்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் இளம்பெண்கள் பலர். ஒருத்தி இரவுப்பணி முடிந்து வந்ததும் மூர்ச்சித்து விழுகிறாள். வேறொருத்தியின் குரலும் பார்வையும் மாறிவிடுகின்றன. இன்னொருத்திக்கு எந்த எக்ஸ்ரேயிலும் அகப்படாத வயிற்றுவலி மாதக்கணக்கில் நீடிக்கிறது. மற்றொருத்தி சோற்றைக் கண்டாலே ஓங்கரிக்கிறாள். இவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நம் மக்களிடம் பெரும்பாலும் இரண்டே சொற்கள்தாம் இருக்கின்றன: பேய், அல்லது நடிப்பு. முதற்சொல் சாட்டையை அழைத்து வருகிறது; இரண்டாம் சொல் ஏளனத்தை அழைத்து வருகிறது. மூன்றாவதாக ஒரு சொல்லைத் தேடி மனிதர் நடந்த வழி மிக நெடியது. அவ்வழியில் திருச்சபையின் கால்தடங்களும் பதிந்துள்ளன. அவற்றுள் பெருமைக்குரியவையும் உண்டு, நாணத்தக்கவையும் உண்டு.

நான்கு நூற்றாண்டுகளுக்கு முந்திய ஒரு வழக்கிலிருந்து தொடங்குவோம். பிரான்சு நாட்டில் ரோமோராந்தென் என்னும் ஊரில் மார்த்தா ப்ரோசியே என்றொரு பெண் இருந்தாள். இருபது வயதைக் கடந்தும் மணமாகாத எளிய குடும்பத்துப் பெண். 1598-ஆம் ஆண்டில் அவள் உடல் முறுக்கிக்கொள்ளத் தொடங்கியது. வாயிலிருந்து வேற்றுக் குரல் எழுந்தது. குடும்பத்தார் அவளை ஊர் ஊராக அழைத்துச் சென்றனர். எங்கும் கூட்டம் கூடியது. சீர்திருத்த சபையினருக்கு வழிபாட்டு உரிமை வழங்கிய நாந்து ஆணை வெளிவந்த ஆண்டும் அதுவே. மார்த்தாவின் வாயிலிருந்து பேசிய ‘பேய்’ அச்சபையினரையே வசைபாடியதால், கத்தோலிக்கருள் சிலருக்கு அப்பேய் மிகவும் பயனுள்ளதாகத் தோன்றியது!

ஆஞ்சே நகர ஆயர் சார்ல் மிரோன் மட்டும் அவசரப்படவில்லை. தீர்த்தத்தைச் சாதாரண நீர் என்று எண்ணும்படி கொடுத்தார். அவள் அமைதியாக இருந்தாள். சாதாரண நீரைத் தீர்த்தம் என்று எண்ணும்படி கொடுத்தார், துடித்தாள். பேயோட்டும் செபம் போல் பாவனை செய்து, வர்ஜில் என்னும் பழைய இலத்தீன் புலவரின் காவிய வரியொன்றை முழங்கினார். தரையில் விழுந்து புரண்டாள். ஆயர் அவளை வீட்டுக்குத் திரும்பச் சொன்னார். ஆனால் அவளோ பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டாள். அங்கே 1599-இல் மருத்துவர்களும் குருக்களும் கூடி ஆராய்ந்தனர். அவர்களுக்குள்ளும் கருத்துவேறுபாடு எழுந்தது. மருத்துவர் மிஷேல் மரெஸ்கோவின் தரப்பு அளித்த தீர்ப்பே வரலாற்றில் நிலைத்தது. பேயினால் ஒன்றுமில்லை, பெரும்பகுதி நடிப்பு, சிறிதளவு நோய் என்பது அதன் சாரம்.

அந்த மூன்று பங்குகளைச் சற்றே நினைவில் வைத்திருங்கள். பேய், நடிப்பு, நோய் ஆகிய மூன்றுக்கும் எவ்வளவு என்று அளந்து வைத்த அந்தக் கணக்கு, பின்வந்த 400 ஆண்டுகளில் எவ்வாறு மாறியது என்பதே நாம் சொல்ல வந்த வரலாறு.

15 ஆண்டுகள் சென்று, 1614-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் காலத்தில் ரோமைச் சடங்கு நூல் வெளிவந்தது. பேயோட்டும் பகுதியின் தொடக்கத்திலேயே குருவுக்கு ஓர் எச்சரிக்கை தரப்பட்டுள்ளது. ஒருவரைப் பேய் பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பிவிடக் கூடாது. கரும்பித்தத்தினாலோ வேறு பிணியினாலோ வருந்துவோரிடமிருந்து அத்தகையவரைப் பிரித்தறியும் அடையாளங்களைக் குரு தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. பேயோட்டுவதற்கென்றே எழுதப்பட்ட பகுதியின் முதற்பாடம், பேயைச் சந்தேகிக்க வேண்டும் என்பதாகும்! மத்தேயு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்திலும், ஆண்டவரிடம் கொண்டுவரப்பட்டவர்களுள் பேய் பிடித்தோர், வலிப்பு நோயினர், முடக்குவாதத்தினர் எனத் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளனர். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டும் வழக்கம் விவிலியத்திலிருந்து நமக்கு வந்ததன்று.

ஆயினும் நூலில் இருப்பது ஒன்று, நடப்பது மற்றொன்று. சடங்கு நூல் வெளிவந்து 20 ஆண்டுகளுக்குள், லூதென் நகரில் உர்சுலா சபைக் கன்னியர் மடமொன்றில் பலரும் பேய் பிடித்தவர்களாய்த் துடித்தனர். அவர்கள் வாயிலிருந்து வந்த குற்றச்சாட்டை ஆதாரமாகக் கொண்டு, ஊர்பேன் கிராந்தியே என்னும் குரு 1634 ஆகஸ்ட் 18 அன்று எரிக்கப்பட்டார். அவருக்கு எதிரிகள் பலர் இருந்தனர் என்பது உண்மையே. எனினும் நோயுற்றோரின் துடிப்பு பகைவர் கையில் ஆயுதமானால் என்ன நேரும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

மருத்துவ உலகமும் நெடுங்காலம் தடுமாறிற்று. கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது ‘ஹிஸ்டீரியா’ என்னும் பெயர். கருப்பை இடம்பெயர்ந்து அலைவதால் பெண்ணுக்கு இவையெல்லாம் வருகின்றன என்று பண்டையோர் எண்ணினர். 19-ஆம் நூற்றாண்டில் பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்த்தேன் ஷார்க்கோ, வலிப்பும் முடக்கமும் உணர்விழப்பும் கொண்ட பெண்களை மாணவர்முன் நிறுத்தி விளக்கினார். அதுவும் ஒருவகைக் காட்சிமேடையே என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் உறுதியாகச் சொன்னது ஒன்றுண்டு: இவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். அவருடன் பணியாற்றிய பியேர் ழனே 1889-இல் வெளியிட்ட நூலில், தாங்கவொண்ணா அதிர்ச்சிக்கு ஆளான மனம் தன் ஒருமையை இழக்கிறது என்றும், நினைவின் ஒரு பகுதி கழன்று தனியே இயங்குகிறது என்றும் எழுதினார். முதல் உலகப்போர் இதற்குப் பெருஞ்சான்றானது. குண்டு எதுவும் உடலில் படாமலேயே பேச்சிழந்தும் பார்வையிழந்தும் கால் முடங்கியும் ஆயிரக்கணக்கான ஆண்கள் போர்முனையிலிருந்து திரும்பினார்கள். கருப்பை அலைகிறது என்ற கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்பது வேறு செய்தி.

1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப்பட்டியலின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோது, ஹிஸ்டீரியா என்னும் அந்தப் பழைய கூட்டுக்குடும்பத்தின் பாகப்பிரிவினை ஏறத்தாழ நிறைவேறியது. மனத்தின் துயர் உடலின் வலியாய் வெளிப்படுவது உடல்சார் கோளாறு எனப்பட்டது. நினைவும் தன்னுணர்வும் கழன்று விலகுவது விலகல் கோளாறாயிற்று. தன்னையும் பிறரையும் நோக்கும் முறையே இளமை முதல் கோணிப்போய், உறவுகளையெல்லாம் இடர்ப்படுத்துவது ஆளுமைக் கோளாறு. ஹிஸ்டீரியா ஆளுமை என்று முன்பு அழைக்கப்பட்டதும் இதில் அடங்கியது. உண்ணுதல் கோளாறு இவர்களுக்கு முன்பே தனிக்குடித்தனம் போய்விட்டது. ஆனால் 1873-இல் பிரெஞ்சு மருத்துவர் லசேக் அதை ஹிஸ்டீரியாவைச் சேர்ந்த உணவு மறுப்பாகவே விவரித்தார் என்பதால், அதுவும் அவ்வீட்டுப் பிள்ளையே.

உடல்சார் கோளாற்றைப் பற்றி ஒரு சொல். டெஸ்ட் எல்லாம் நார்மல், ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னதும், வலியே இல்லை என்று வீட்டார் பொருள்கொள்கின்றனர். வலி உண்மை, அதன் வேர்தான் வேறிடத்தில் இருக்கிறது. 2013-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு, காரணம் தென்படுகிறதா இல்லையா என்பதையே அளவுகோலாகக் கொள்ளாமல், அவ்வலி ஒருவரின் எண்ணத்தையும் வாழ்வையும் எவ்வளவு விழுங்கியிருக்கிறது என்பதை நோக்கச் சொல்கிறது. இது பெண்களுக்கு மட்டும் உரியது என்றும் எண்ண வேண்டாம். தாது விரயமாகிறது என்று அஞ்சி உடல் சோர்ந்து மருத்துவரைத் தேடும் நம் நாட்டு இளைஞரின் நிலைக்கு 1960-இல் ‘தாது நோய்க்குறி’ எனப் பெயரிட்டவர் மனநல மருத்துவர் என். என். விக். அவ்வச்சத்தை முதலாக்கி லாட்ஜுகளில் அறை எடுத்து வைத்தியம் பார்ப்பவர்களின் விளம்பரம் இல்லாத சுவர் நம் ஊர்களில் அரிது.

பேய் என்று மக்கள் சொல்லும் பலவும் இரண்டாம் பங்காளியான விலகல் கோளாற்றையே சேரும். உலக நலவாழ்வு நிறுவனம் 1992-இல் வெளியிட்ட பட்டியலில், வேற்றாள் அல்லது ஆவி தன்னை ஆட்கொண்டதாக நடந்துகொள்ளும் நிலை தனியே குறிக்கப்பட்டது. ஆனால் கவனமாக ஒரு வரம்பும் இட்டார்கள். தன் விருப்பமின்றி, வழக்கமான சமயச் சூழலுக்குப் புறம்பாக, வாழ்வைக் குலைக்கும்படி நேர்வதே நோய். ஆகவே திருவிழாவில் சாமியாடும் அயலாரை நோயாளி என்று சொல்ல எந்த மருத்துவமும் நமக்கு இடந்தரவில்லை.

பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில் ஆய்வு செய்து இசபெல் நபோகோவ் என்னும் மானிடவியலார் 2000-இல் ஒரு நூல் வெளியிட்டார். பேய் பிடித்தவர்களாகக் கொண்டுவரப்பட்டோருள் புதிதாக மணமான பெண்களே மிகுதி என்று அவர் கண்டார். பிடித்த பேயோ, பெரும்பாலும் ஆசை நிறைவேறாமல் அகாலத்தில் மாண்ட ஓர் ஆணின் ஆவி. அப்பெண் கணவனை நெருங்கவிடுவதில்லை, புகுந்த வீட்டில் இருக்க மறுக்கிறாள். “எனக்கு இந்த வாழ்வு வேண்டாம்” என்று வாய்திறந்து சொல்ல உரிமையில்லாதவளின் வாயைப் பேய் கடன் வாங்கிக்கொள்கிறது என்றே நாம் இதைப் புரிந்துகொள்கிறோம். அதை அவள் திட்டமிட்டுச் செய்வதில்லை; அவளுக்கே அது தெரியாது.

நம் வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கமான சான்று மலேசியாவில் கிடைக்கிறது. ஐவா ஓங் என்னும் அறிஞர் 1987-இல் வெளியிட்ட நூல், கிராமங்களிலிருந்து மின்னணு ஆலைகளுக்கு வந்த மலாய்ப் பெண்களைப் பற்றியது. 1975-இல் சுங்கைவே பகுதியில் ஓர் அமெரிக்க ஆலையில் 40 பெண்கள் ஆவி கண்டு அலறினார்கள். 1978-இல் நுண்ணோக்கியில் கண்வைத்து வேலைசெய்யும் பிரிவில் ஏறத்தாழ 120 பேர் அவ்வாறே ஆயினர். ஆலையை மூன்று நாள் மூடி, மந்திரவாதியை அழைத்து, ஆடு பலியிட்டார்கள். பிற நேரங்களில் நிர்வாகங்கள் மருத்துவரின் சொல்லையே எடுத்தாண்டன. ‘கூட்டு ஹிஸ்டீரியா’ என்று பெயரிட்டு, மாத்திரை கொடுத்து, மீண்டும் நேர்ந்தால் வேலையைவிட்டு நீக்கினர். இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். பேய் என்ற சொல் மட்டுமன்று, நோய் என்ற சொல்லும் ஒருத்தியின் வாயை அடைக்கப் பயன்படக்கூடும். எத்தனை மணிநேர வேலை, மேற்பார்வையாளர் எப்படி நடத்தினார், கழிப்பறைக்குப் போக விட்டார்களா என்ற கேள்விகள் அச்சொல்லின் அடியில் புதைந்துபோகலாம்.

உண்ணுதல் கோளாறு கத்தோலிக்கராகிய நமக்கு எளிதில் பேசக்கூடிய பொருளன்று. நோன்பு நமக்குப் புனிதமானது. சியன்னா நகரப் புனித கத்தரீன் மிகக் குறைவாக உண்டார், உண்டது தங்கவில்லை, 1380-இல் 33 வயதில் இறந்தார். உண்ண வற்புறுத்தியவர்களிடம் தம்மால் இயலவில்லை என்றே அவர் சொல்லி வந்தார். அவரைப் போன்ற இடைக்காலப் பெண் புனிதர்களைப் பற்றி 1985-இல் ருடால்ஃப் பெல் எழுதிய நூல் இதை நோயோடு ஒப்பிட்டது. 1987-இல் கரோலின் பைனம் எழுதிய நூல், அக்காலப் பெண்ணுக்கு உணவும் நற்கருணையும் என்ன பொருள் தந்தன என்பதைக் காணாமல் அப்படிச் சொல்லலாகாது என்றது. நாம் பின்னவர் பக்கமே சாய்கிறோம். புனிதரை நோயாளியாக்கவும் வேண்டாம். நம் வீட்டுப் பெண்ணின் நோயைப் புனிதமாக்கவும் வேண்டாம். நோன்பிருப்பவர் பாஸ்கா நாளில் மகிழ்ந்து உண்பார். நோயுற்றவருக்குப் பாஸ்கா வருவதில்லை.

மெலிய வேண்டும் என்ற மேனாட்டு மோகமே இந்நோய் என்று நினைப்போருக்கு ஒரு செய்தி. டெல்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தார் 1995-இல் 5 இளம்பெண்களின் வரலாற்றை வெளியிட்டனர். உணவு மறுப்பு, ஓயாத வாந்தி, பெரும் உடல்மெலிவு எல்லாம் இருந்தன. ஆனால் தன் உடலைப் பருமனாய்க் காணும் அந்தக் கோணல் பார்வை இல்லை. நம் வீடுகளில் இது வயிற்றுக்கோளாறு என்றும் செய்வினை என்றும் கடந்துபோவதற்கு அதுவே காரணமாகலாம்.

தவறிப்போனால் விளைவு என்ன? ஜெர்மனியில் பவேரியா மாநிலத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த கல்லூரி மாணவி அன்னலீசே மிக்கேல், வலிப்பு நோய்க்கு மருந்து உட்கொண்டு வந்தவர். 1975-இல் ஆயரின் அனுமதியோடு இரு குருக்கள் பேயோட்டத் தொடங்கினர். ஏறத்தாழ 10 மாதங்களில் 67 முறை அச்சடங்கு நடந்தது. அவர் உண்பதை நிறுத்தினார், மருத்துவர் அழைக்கப்படவில்லை. 1976 ஜூலை 1 அன்று 23 வயதில் இறந்தபோது அவருடைய எடை 31 கிலோகூட இல்லை. 1978-இல் நீதிமன்றம் பெற்றோரையும் இரு குருக்களையும் கவனக்குறைவால் உயிரிழப்பு நேர்வித்த குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அந்நால்வரும் அப்பெண்ணை நேசித்தவர்கள் என்பதே நம்மை அதிகம் கலங்கவைக்கிறது.

ஆளுமைக் கோளாற்றைப் பற்றி நம்மிடையே பேச்சே இல்லை. “பிடிவாதக்காரி”, “குணம் சரியில்லை” என்பதோடு முடித்துவிடுகிறோம். ஒருநாள் தெய்வமாய்த் தெரிந்தவர் மறுநாள் துரோகியாய்த் தெரிவதும், கைவிடப்படுவோம் என்ற தீராத அச்சமும், தன்னையே காயப்படுத்திக்கொள்வதும் இவ்வகையுள் எல்லைநிலை ஆளுமைக் கோளாற்றின் குறிகள். இதற்கெனச் சிறந்த உளச்சிகிச்சை ஒன்றை வகுத்து 1993-இல் நூலாக்கிய அமெரிக்க உளவியலார் மார்ஷா லினஹன் ஒரு கத்தோலிக்கர். 2011-இல் அவர் ஓர் உண்மையை வெளியிட்டார்: 17 வயதில் தாமே அத்தகைய துன்பத்தோடு மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவர் என்று. 1967-இல் சிகாகோவில் ஒரு சிற்றாலயத்தில் செபித்துக்கொண்டிருந்தபோது தாம் நேசிக்கப்படுவதாக உணர்ந்ததைத் திருப்புமுனையாகக் குறிப்பிடும் அவர், அத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் படித்து, ஆராய்ந்து, பிறருக்கான வழியை வகுத்தார். உன்னை இப்போது இருக்கிறபடியே ஏற்கிறேன், நீ மாறவும் வேண்டும் என்ற இரண்டையும் ஒருசேரச் சொல்வதே அவர் முறையின் உயிர்நாடி. ஒப்புரவு அருட்சாதனத்தை அறிந்த நமக்கு இது புதிய மொழியன்று.

இனி நம் மண்ணுக்கு வருவோம். சென்னையில் மனநோயாளருக்கென 1794-இல் வாலன்டைன் கானலி என்னும் அறுவை மருத்துவர் ஓர் இல்லம் தொடங்கினார். 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் 145 பேரோடு அரசுக் காப்பகம் திறக்கப்பட்டது. அதற்குப் பின் அவ்வூர்ப் பெயரே ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. கடம்பத்தூர்ச் சந்தையிலும் ‘கீழ்ப்பாக்கம்’ என்றால் சிரிப்பார்கள். அங்கே கண்காணிப்பாளராகப் பல்லாண்டுகள் பணியாற்றியவர், நம் நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவரெனப் போற்றப்படும் சாரதா மேனன், 2021-இல் மறைந்தார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநலப் பிரிவில், 1950-களின் இறுதியிலிருந்தே நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்ளும் முறை வளர்ந்தது.

ஆனாலும் மக்கள் முதலில் நாடுவது திருத்தலங்களையே. தூத்துக்குடி மாவட்டத்துப் புளியம்பட்டி அந்தோணியார் ஆலயத்துக்கு நம் பகுதியிலிருந்தும் செல்கின்றனர். இதை இகழ நமக்கு மனம் வரவில்லை. 2002-இல் பெங்களூரு மருத்துவர் ரகுராமும் உடனாய்வாளரும் வெளியிட்ட ஓர் ஆய்வு, வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோவிலில் தங்கியிருந்த 31 பேரைக் கவனித்தது. அவர்கள் பெரும்பாலும் கடுமையான மனநோய் உற்றவர்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கிய பின் நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. தனிச் சடங்கோ அடியோ அங்கு இல்லை. தங்க இடம், உடன் ஓர் உறவினர், கோவிலில் சிறு வேலைகள், அச்சமற்ற சூழல் ஆகியவையே இருந்தன. அதற்கு முந்திய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். புகலிடம் ஒன்று, சங்கிலி மற்றொன்று. இரண்டும் சமயத்தலங்களின் நிழலிலேயே இருந்தன. 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றிலும் தடைசெய்துள்ளது.

மரெஸ்கோவின் கணக்கு இன்று தலைகீழாகிவிட்டது. பெரும்பகுதி என்று அவர் நடிப்புக்குக் கொடுத்த பங்கு நோய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது. நடிப்பின் பங்கு மிகச் சிறிது. மூன்றாம் பங்கைப் பற்றித் திருச்சபை இன்றும் கதவை அடைத்துவிடவில்லை. ஆனால் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1172-ஆம் விதிப்படி, ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதி இன்றி எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கை நடத்த இயலாது. 1999-இல் வெளியான புதிய சடங்கு நூல், நோயுற்றவரைப் பேய் பிடித்தவராய்க் கொள்ளாதிருக்கும்படி மீண்டும் எச்சரித்து, மருத்துவ அறிஞரைக் கலந்துகொள்ளும் வழியையும் காட்டுகிறது. செபக்கூட்டங்களில் ஒலிபெருக்கி பிடித்து, பிள்ளையின் தலைமுடியைப் பற்றி உலுக்குவோருக்கு இந்த அனுமதியை யார் கொடுத்தார்கள் என்று நம் அன்பியங்களில் கேட்கலாம்.

மூர்ச்சித்து விழுபவளுக்கு மெய்யான வலிப்பு நோயே இருக்கலாம், இரத்தசோகை இருக்கலாம், சர்க்கரை குறைந்திருக்கலாம். முதலில் உடலைப் பார்க்கச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, 2022-இல் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே ஒன்றுமில்லை என்று சொன்னால், அடுத்த கதவு மனநல மருத்துவருடையது. அதே ஆண்டு அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய மனநலத் தொலைபேசி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். விடுதிப் பெண்கள் ஞாயிறு திருப்பலிக்கு வரும் ஆலயங்களில், அறிவிப்புப் பலகையில் இந்த எண்ணை எழுதிவைப்பதற்கு ஒரு சாக்குக்கட்டி போதும்.